தானாக விழாத கியர்

கன்னையா சக்கர நாற்காலியைப் பலகைக்கு அடியில் நுழைத்து, பழைய பனியன் துணியால் கம்ப்யூட்டர் திரையைத் துடைக்கிறார். லாரியின் முன் கண்ணாடியைத் துடைப்பது போலவே மேலிருந்து கீழாக நீண்ட இழுப்பு. அடுத்தது விசைப்பலகை. வலக்கையில் மூன்று விரல்கள் மடங்காது. அந்தக் கையால் தட்ட வேண்டியதை விரல் முட்டியால் தட்டுவார். லாரி ஓட்டும் கேம் திறந்ததும் வண்டியை எடுப்பதில்லை. செட்டிங்ஸுக்குப் போய் இடது கண்ணாடி, வலது கண்ணாடி, சீட்டின் உயரம் மூன்றையும் சரிபார்ப்பார். நேற்று வைத்தது அப்படியேதான் இருக்கும், கம்ப்யூட்டர் மறக்காது என்று மகள் தேன்மொழி பலமுறை சொல்லிவிட்டாள். "ராத்திரி எவனாச்சும் ஏறி உக்காந்து திருப்பி வச்சிருப்பான், நீ பாத்தியா?" என்பார். எல்லாம் சரியானபின் "பதா", போகலாம் என்று தெலுங்கில் வண்டிக்குச் சொல்லிவிட்டுக் கிளப்புவார்.

ஆந்திர எல்லையில் சாந்திபுரம் பக்கத்துக் கிரானைட் கல் தொண்ணூறுகளில் வெளிநாட்டுக்குப் போகத் தொடங்கியது. நிலமில்லாத வீட்டுப் பிள்ளைகள் குவாரிக்குப் போனார்கள். அவர்களில் ஒருவரான கன்னையா ஹெவி லைசென்ஸ் எடுத்து லாரியில் ஏறிவிட்டார். இருபது ஆண்டுகள், சென்னைத் துறைமுகம் வரை, ஒரு முழுக் கல்லைச் சங்கிலியில் கட்டிக்கொண்டு ஓட்டினார். எதிலும் மோதியதில்லை. ஒரு நாள் நின்றுகொண்டிருந்த வண்டியில் சங்கிலியை இறுக்கும்போது மேலேயிருந்து விழுந்தார். கழுத்தில் அடி. கால்கள் இரண்டும் போயின, வலக்கை பாதி போயிற்று. இடக்கை தப்பியது.

நான் ஆஸ்பத்திரி வார்டில் நோயாளிகளைப் புரட்டிப் போட்டே காலம் கழித்தவள். ஓய்வு பெற்றபின் இந்தத் தெருவில் படுத்திருப்பவர்களைப் போய்ப் பார்க்கிறேன். கன்னையா வீட்டுக்கு வந்த முதல் ஆண்டில் யாருடனும் பேசவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். சோறு ஊட்டினால் வாயைத் திறப்பார், அவ்வளவுதான். அவர் மனைவி தாட்சாயணி தக்காளித் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவள். செடிக்கு அடிக்கும் மருந்து டப்பா ஒன்று வீட்டில் இருந்தது. அதை எடுத்துப்போய்ப் பக்கத்து வீட்டு இந்திராணியிடம் கொடுத்து வைத்தாள். ஏன் என்று இந்திராணி கேட்கவில்லை.

பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்யும் தேன்மொழி, அங்கே கழித்துப் போட்ட கம்ப்யூட்டரைக் குப்பம் ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். கேமையும் அவள்தான் போட்டுக் கொடுத்தாள். வண்டி ஓடாமல் படம் விட்டுவிட்டு நின்றது. மறுபடி பெங்களூரிலிருந்து வந்து சரி செய்கிறேன் என்று சொல்லிப் போனாள். அவள் வருவதற்குள் கன்னையா சரி செய்திருந்தார். செட்டிங்ஸில் நிழல், புல், தண்ணீர் என ஒவ்வொன்றுக்கும் எதிரே லோ, மீடியம், ஹை என்று இருப்பதைப் பார்த்து, அவை கியர் என்று நினைத்துவிட்டார். பின்னால் இருப்பது கல் லோடு, ஏற்றமும் வருகிறது, லோவில் போட வேண்டியதுதானே? எல்லாவற்றையும் லோவுக்குத் தள்ளினார். படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. மகள் விழுந்து விழுந்து சிரித்து விஷயத்தை விளக்கினாள். அவர் அசரவில்லை. "ஏதோ ஒண்ணு, வண்டி ஏறிச்சா இல்லியா?"

விளக்கிய பிறகு ஒன்றை மட்டும் மாற்றினார். கண்ணாடியில் தெரியும் காட்சியை ஹையில் வைத்தார். "மரம் மொட்டையா இருந்தா இருக்கட்டும். நெழலு இல்லாட்டி எவன் கேக்கப்போறான்? பின்னால வரவன் மூஞ்சி தெரியணும்."

மற்ற செட்டிங்ஸும் அவர் உடம்புக்கு ஏற்றபடி ஒவ்வொன்றாக வந்தவை. வண்டி குலுங்கும்போது படமும் குலுங்கினால் அவருக்குத் தலை சுற்றும். அந்தக் குலுக்கலை நிறுத்திவிட்டார். வலக்கை சில சமயம் வெட்டி இழுக்கும். அப்போது வண்டி பள்ளத்தில் இறங்காதபடி ஸ்டியரிங்கை மந்தமாக்கியிருக்கிறார். பிரேக்கை அமுக்கிப் பிடிக்க வேண்டாம், ஒரு தட்டு தட்டினால் பிடித்துக்கொள்ளும். எழுத்தெல்லாம் பெரிது. போலீஸ் அபராதத்தையும் நிறுத்திவிட்டார். "இங்க இப்டி ஒரு பொத்தான் இருந்திருந்தா!" என்றாள் தாட்சாயணி. கேமில் வருவது வெளிநாட்டுச் சாலை, வலது பக்கம் ஓட்ட வேண்டும். அது மட்டும் அவருக்குக் கஷ்டமாக இல்லை. "நம்ம கல்லு எறங்கின ஊரு. அவன் ஊர்ல அவன் சொன்ன பக்கந்தான் போவணும்."

கியர் இடக்கையில். வலக்கை முட்டியால் ஸ்டியரிங், இடக்கையால் கியர், கேபினில் இருந்த அதே ஏற்பாடு.

சென்ற ஆவணியில் ஒரு நாள் மத்தியானம் அவரைத் திருப்பிப் போட்டு முதுகு துடைத்தபோது இடது புட்டத்து எலும்பின்மேல் ஒரு சிவப்புத் திட்டு கண்ணில் பட்டது. விரலால் அழுத்தினேன். அழுத்தினால் வெளுக்க வேண்டும். வெளுக்கவில்லை.

"எறும்பு கடிச்சிக்கீதுன்னு நென்ச்சேன் நர்சம்மா," என்றாள் தாட்சாயணி.

எறும்பு இல்லை. உட்கார்ந்திருப்பவர் அடிக்கடி இடக்கையை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்க வேண்டும். இல்லாவிட்டால் தோலுக்கு ரத்தம் போகாது. ஏம்பா, தூக்குகிறாயா இல்லையா என்று கேட்டேன்.

"ரோட்டுல கீறப்ப எங்கம்மா ஞாபகம் வருது?"

படுக்கைப் புண் இந்தச் சிவப்பில்தான் தொடங்கும். எலும்பு வரை போனவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்கள் வீட்டுச் சாவுக்கும் போயிருக்கிறேன். அதையே சொன்னேன். தோல் ஆறும்வரை நாற்காலி கிடையாது, குப்புறத்தான் படுக்க வேண்டும்.

கேமை நிறுத்தச் சொல்லவில்லை. கட்டிலின் தலைமாட்டில் பலகையைப் போட்டு, முக்காலியில் திரையை வைத்து, நெஞ்சுக்குக் கீழே இரண்டு தலையணை கொடுத்தேன். வண்டி கிளம்பியது, ஆனால் முதல் கியரிலேயே முனகிக்கொண்டு நின்றது. குப்புறப் படுத்தால் உடம்பின் பாரம் முழுவதும் இடது முழங்கையில். அந்தக் கையை எடுத்தால் முகம் பலகையில் மோதும். கியருக்குக் கை இல்லை.

தாட்சாயணி மகளுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் அவர் பக்கம் வைத்தாள்.

"நைனா, ஆட்டோமேட்டிக்னு ஒண்ணு கீது பாரு. அத போட்டுக்கோ. கியர அதுவே பாத்துக்கும்."

"எது பாத்துக்கும்?"

"கம்ப்யூட்டர் நைனா."

"அப்ப அதுவே ஓட்டட்டும். நான் யாரு, லோடா?"

தாட்சாயணி குறுக்கே வந்தாள். "ஸ்கூட்டில கியரா கீது? ஊரே ஓட்டிக்கினு போவுது."

"ஊர ஓட்டச் சொல்லு."

திரையை அணைக்கச் சொன்னார். கன்னத்தைத் தலையணையில் வைத்துச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பால் கொடுத்தாள், குடிக்கவில்லை. பேச்சுக் கொடுத்தேன், காதில் வாங்கவில்லை. இந்தச் சிவப்பு ஆற இரண்டு வாரமாவது ஆகும். இரண்டு வாரம் இப்படியே கிடந்தால் தோல் ஆறலாம். ஆள் என்ன ஆவார் என்பதற்கு என்னிடம் களிம்பு இல்லை.

நான் கொல்லையில் கை கழுவிக்கொண்டிருந்தேன். தாட்சாயணி அடுப்படியிலிருந்து எதையோ முந்தானையில் மூடிக்கொண்டு இந்திராணி வீட்டுப் பக்கம் போனாள். மூடினாலும் தெரிந்தது, அவர் தேறியபின் திரும்ப வாங்கி வந்திருந்த அதே மருந்து டப்பா.

திரும்பி வந்தவள் நேராகப் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டாள். கட்டிலுக்கு இடது பக்கம் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"இன்னாடி பண்ற?"

"கிளீனரு லீவு. நான் வந்துக்கீறேன்."

"லாரில ஒரு நாளு ஏறினதில்ல. நீ கிளீனரா?"

"ஏத்தினாதான ஏறுறதுக்கு? எந்த விசை, சொல்லு."

சுவரிலிருந்து திரும்பாமலே சொன்னார், மேலே போவதற்கு ஒன்று, கீழே இறக்குவதற்கு ஒன்று. அவள் முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டு இரண்டைப் பிய்த்து வந்து விசைகளில் ஒட்டினாள். மேலே போவதற்குச் சிவப்பு, கீழே இறங்குவதற்குக் கறுப்பு. "ஓட்டு" என்றாள்.

அன்று சாயங்காலம் அந்த வண்டி பட்ட பாடு சொல்லி மாளாது. "மேல" என்றால் அவள் இரண்டு முறை தட்டினாள். "கீழ" என்றால் விரலைத் தேடினாள். ஒரு மேட்டில் எஞ்சின் அணைந்து, கல் லோடோடு வண்டி பின்னால் உருண்டது.

"கீழ! கீழடி! ஐயோ, என் கிளீனரு ஹரிபாபு ரெண்டு நாள்ல கத்துக்கினான்!"

"அவனுக்கு பேட்டா குடுத்த. எனக்கு இன்னா குடுத்த?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. ஆனால் முகம் திரைப் பக்கம் இருந்தது.

"கையப் பாக்காத. ரோட்டயும் பாக்காத, அது என் வேல. சத்தத்தக் கேளு. மூச்சு வாங்கிச்சின்னா கீழ. மூச்சு லேசாச்சின்னா மேல. அவ்ளோதான்."

முழங்கை சிவப்பதற்குள் நான் நிறுத்தச் சொன்னேன். இரண்டு பேருக்கும் மனமில்லை. முழங்கைக்கு அடியில் வைக்கப் பஞ்சில் ஒரு திண்டு தைத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை திட்டைப் பார்க்கப் போனேன். தாட்சாயணி தோட்டத்து வேலைக்குப் போகவில்லை. அவர் குப்புறப் படுத்திருந்தார், அவள் நேற்றிருந்த இடத்தில் இருந்தாள். துணியை விலக்கி அழுத்திப் பார்த்தேன். பெரிதாகவில்லை. ஓரத்தில் ஒரு நகத்தளவு வெளுத்தது. நான் வந்ததை இருவரும் கவனிக்கவில்லை. திரையில் மழை பெய்துகொண்டிருந்தது. சாலை வளைந்து மலைமேல் ஏறத் தொடங்கியது.

எஞ்சின் சத்தம் தடித்தது. அவர் சொல்வதற்கு வாயைத் திறந்தார். அதற்குள் அவள் விரல் கறுப்புப் பொட்டின்மேல் இறங்கியது. இன்னொரு முறை இறங்கியது. வண்டி ஒரு முறை உறுமிப் பிடித்துக்கொண்டு ஏறியது. அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

கன்னையா வாயை மூடிக்கொண்டார். மேடு முடிந்து சாலை நேரானதும் வலக்கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்தார். தன் காதோரம் இருந்த சின்ன ஸ்பீக்கரை, மடங்காத விரல்களால் பலகையின்மேல் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, அவள் பக்கம் வைத்தார்.