நாத்தனார் வீட்டுக் கோழியும் என் வீட்டுப் பாலும்

இரண்டு வருடங்களுக்கு முன், தைப்பூச விரதம் தொடங்கிய சமயத்தில் நடந்தது இது. மலேசியாவின் ஈப்போவில், சிலிபின் பக்கம் வரிசை வீடுகள் உள்ள ஒரு தாமான் குடியிருப்பில் நாங்கள் இருக்கிறோம். அடுத்த வீடு என் கணவரின் தங்கை வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அவள் மிளகாய் தாளித்தால் எனக்குத் தும்மல் வரும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு என் நாத்தனார் மேல் பொறாமை. அவள் கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் வசதியாகத் திட்டிவிட்டுப் போயிருப்பேன். அவள் கைராசிக்காரி, அதுதான் பிரச்சினை. அவள் வைத்த கறிவேப்பிலை மரமாகிவிட்டது, நான் வைத்தது குச்சியாகவே நின்றது. என் ஒரே மகள் பள்ளிக்கூடம் விட்டதும் பையைக்கூட வைக்காமல் அத்தை வீட்டுக்குத்தான் சாப்பிட ஓடுவாள். என் கணவர் என் மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, "தங்கச்சி கொஞ்சம் புளி கம்மியா போடுவா" என்பார். இருபது வருடமாக இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் எந்த மனுஷிக்கும் வயிறு எரியத்தான் செய்யும்.

மகள் வேலைக்காக ஜொகூருக்குப் போனாள். மூட்டு வலியால் நானும் கையுறைத் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டேன். வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. என் கணவர் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர். லகாட் பக்கம், பழைய ரப்பர் தோட்டம் இருந்த இடத்தில் ஆட்களை ஏற்றப் போனபோது, சாலையோரம் நின்ற ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நல்ல பழுப்பு நிறம். காப்பி நிறம் என்பதால் கோப்பி என்று பெயர் வைத்தேன். வந்த அன்றே என் காலடியில் சுருண்டு படுத்துக்கொண்டது. இதாவது எனக்கே எனக்கு என்று நினைத்தேன்.

அதற்கு நான் செய்யாத உபசாரம் இல்லை. பாக்கெட் பால் கொடுக்கக் கூடாது என்று, லகாட்டில் மாடு வளர்க்கும் ஒருவரிடம் பசும்பால் வாங்கி வரச் சொன்னேன். நாங்கள் குடித்தது டின் பால் கலந்த தேத்தண்ணி, நாய் குடித்தது பசும்பால். அவ்வப்போது கொஞ்சம் வாந்தி எடுக்கும். குட்டி நாய்தானே, புல்லைத் தின்றிருக்கும் என்று கழுவி விட்டுவிடுவேன்.

அப்புறம் விரதம் வந்தது. மகளுக்காக வருடாவருடம் பால்குடம் எடுப்பது என் வேண்டுதல். விரதம் தொடங்கிவிட்டால் எங்கள் வீட்டில் முட்டை வாசனைகூட வரக் கூடாது. சட்டி பானையெல்லாம் புளி போட்டுத் தேய்த்து, மீன் சட்டியைக் கட்டி மேலே போட்டுவிடுவேன். வீடே சைவம் என்றால் நாய் மட்டும் என்ன? கோப்பியும் விரதத்தில் சேர்ந்துவிட்டது. காலையில் பால், மதியம் தயிர்ச்சோறு, சாயங்காலம் பாலில் ஊறவைத்த பிஸ்கட். என் சாமி அறை வாசலில் அது பால் குடித்துக்கொண்டிருப்பதைப் படம் பிடித்து மகளுக்கு அனுப்பினேன். அத்தனை பெருமை எனக்கு.

ஆனால் அடுத்த வீட்டில் விரதம் இல்லை. நாத்தனாரின் மாமியார் இறந்து ஒரு வருடம் ஆகாததால், அந்த வருடம் அவர்களுக்கு நோன்பும் இல்லை, திருநாளும் இல்லை. வழக்கம்போல் கோழி வெந்துகொண்டிருந்தது. கோப்பிக்கு மூக்கு இருக்கிறதே! பின்சந்து வழியாக அவள் வீட்டுப் பின்வாசலுக்குப் போய் நிற்க ஆரம்பித்தது. அவளும் எலும்பில்லாமல் எடுத்து, சோற்றோடு பிசைந்து போட்டிருக்கிறாள். அது வாலை ஆட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்து, என் பாலையும் குடித்துவிட்டு, என் வாசலில் வாந்தி எடுக்கும்.

எனக்கு வேறு என்ன தோன்றும்? அவள் போடுகிற கோழியால்தான் என்று முடிவு கட்டினேன். உண்மையைச் சொன்னால், வாந்தியைவிட அந்த வாலாட்டம்தான் என்னை உறுத்தியது. மகளும் இப்படித்தானே போனாள் என்று நினைத்தேன். நேரே அவள் பின்வாசலில் போய் நின்று, எங்கள் வீட்டு நாய் விரதம், இனிமேல் அதற்கு நீ ஒன்றும் போடாதே என்று சொன்னேன். நாய்க்குமா விரதம் என்று அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அன்றே பின்கதவைச் சங்கிலி போட்டுப் பூட்டினேன்.

கோழி நின்றது. வாந்தி நிற்கவில்லை, அதிகமானது. வயிற்றில் ஒன்றும் தங்கவில்லையே, பாவம் என்று நான் இன்னும் கொஞ்சம் பாலைக் காய்ச்சி ஊற்றினேன். குடிக்கும், சற்று நேரத்தில் கக்கிவிடும். வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொண்டது. ஓம வாட்டர் வைத்தேன், திருநீறு பூசினேன். ஒரு காலையில் கூப்பிட்டால் தலையைத் தூக்கவில்லை. வால் நுனி மட்டும் தரையில் ஒருமுறை அசைந்தது. அந்த வாலைப் பார்த்ததும் வாய்விட்டு அழுதுவிட்டேன். கணவர் பஸ்ஸோடு போயிருந்தார். எங்கள் வரிசையில் அந்த நேரத்தில் கார் இருந்தது ஒரே ஒரு வீட்டில்தான்.

நான் போய்க் கூப்பிடவில்லை. என் அழுகை சுவரைத் தாண்டிப் போயிருக்கிறது. கார்ச் சாவியோடு அவளே வந்து வாசலில் நின்றாள்.

"துண்டுல சுத்தித் தூக்குங்க அண்ணி, போலாம்" என்றாள். அவ்வளவுதான். சங்கிலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இரண்டு திட்டு திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கால்நடை கிளினிக்கில் இருந்த டாக்டர் சின்னப் பெண், சீனப் பெண். மலாயில்தான் பேசினோம். ஈறைத் தடவிப் பார்த்தார், முதுகுத் தோலை இழுத்து விட்டுப் பார்த்தார். உடம்பில் தண்ணீரே இல்லை என்றார். ரத்தமும் மலமும் சோதித்ததில் தொற்றுநோயும் இல்லை, பூச்சியும் இல்லை. பிறகு என்ன சாப்பிடக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு, இவர்கள் வீட்டில் கோழி போட்டார்கள் என்றேன். நாத்தனார் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, கோழியை நிறுத்தி ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது என்று டாக்டரிடம் மெதுவாகச் சொன்னாள். நிறுத்திய பிறகு வாந்தி குறைந்ததா என்று டாக்டர் கேட்டார். இல்லை, அதிகமாகிவிட்டது என்றேன். இப்போது என்னதான் கொடுக்கிறீர்கள் என்றார். பால், தயிர், பாலில் ஊறிய பிஸ்கட் என்று நான் சொல்லச் சொல்லத்தான் என் காதிலேயே அது விழுந்தது.

தாய்ப்பால் மறந்த நாய்கள் பலவற்றுக்கு மாட்டுப்பால் செரிக்காதாம். இதற்கு அது துளியும் ஒத்துக்கொள்ளவில்லை. ஊசி போட்டு, தோலுக்கடியில் தண்ணீர் ஏற்றினார்கள். பால் வகை எதுவும் இனிமேல் வேண்டாம், உப்பு, வெங்காயம், மசாலா எதுவும் சேர்க்காமல் அவித்த கோழியும் சோறும் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள், இரண்டு நாளில் ஒன்றும் உள்ளே தங்கவில்லை என்றால் காப்பாற்றுவது கஷ்டம் என்றார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். பால்குடம் எடுக்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. மகள் பேருக்கு வேண்டிக்கொண்டு, அடுப்பில் கோழியை எப்படி ஏற்றுவது? ஏற்றாவிட்டால் மடியில் கிடக்கும் இந்த உயிர் போய்விடும். காரை நிறுத்திவிட்டு அவள் சொன்னாள்:

"உங்க விரதம் உங்களோட இருக்கட்டும் அண்ணி. நாய என்கிட்ட குடுங்க. நான் அவிச்சிப் போடுறேன் லா."

நல்ல யோசனைதான். எனக்குத்தான் மனசு வரவில்லை. கறிவேப்பிலை போனது, மகள் போனாள், இப்போது இதையும் என் கையாலேயே தூக்கிக் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். அதன் பாயையும் தட்டையும் கொடுத்தேன். இனிமேல் அது என்னை எங்கே நினைக்கப்போகிறது என்று சாமி அறையில் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் காலை சுவருக்கு அந்தப் பக்கம், சாப்பிடு, சாப்பிடு என்று அவள் கெஞ்சுவது கேட்டது. கோப்பி எழுந்து நிற்கிறதாம், தண்ணீர் குடிக்கிறதாம், ஆனால் கோழியை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறதாம். இதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் வந்தது. அவள் கைராசியும் ஒரு இடத்தில் தோற்றதே! டாக்டர் சொன்னது அதற்கப்புறம்தான் நினைவுக்கு வந்தது. சந்தோஷம் பயமாக மாறியது. செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன்.

விரதத்தோடு அசைவ அடுப்படிக்குள் போகக் கூடாதென்று பின்வாசலுக்கு வெளியே நின்றேன். அவள் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துப் போட்டாள். சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன். கோப்பி தள்ளாடிக்கொண்டே வந்து என் காலை முகர்ந்தது. அவள் தட்டைப் பக்கத்தில் வைத்தாள். அது தட்டைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. "சாப்பிடும்மா" என்றேன். ஒரு வாய் எடுத்தது. மறுபடி என் முகத்தைப் பார்த்தது. இன்னொரு வாய். தட்டைக் காலி செய்தது. அப்படியே நானும் அவளும் அதன் வயிற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெயில் ஏறி ஸ்டூல் சூடாகிவிட்டது. வாந்தி வரவில்லை.

அப்போதுதான் அவள் சொன்னாள். "எனக்கு வயிறு எரியுது அண்ணி."

என்னைக் குத்திக்காட்டுகிறாளோ என்று பார்த்தேன். இல்லை, கண் கலங்கியிருந்தது.

"உங்க மகளும் இப்படித்தான். சாப்பாடு என் வீட்ல. ஒரு காய்ச்சல் வந்தா, அம்மாகிட்ட போறேன்னு ஓடிரும். ஒரு நாள்கூட என்கிட்ட தூங்குனதில்ல. எனக்கு ரெண்டும் பையன். சோறு போடுற கை மட்டும்தான் எனக்கு."

நான் இருபது வருடமாகச் சுவருக்கு இந்தப் பக்கம் எரிந்துகொண்டிருந்தேன், அவள் அந்தப் பக்கம் எரிந்துகொண்டிருந்திருக்கிறாள். இது தெரியாமல் தீபாவளிக்குத் தீபாவளி பலகாரம் மாற்றிக்கொண்டிருக்கிறோம். உன் கறிவேப்பிலையில் எனக்கு ஒரு கன்று பிரித்துக் கொடு என்று கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

விரதம் முடியும்வரை அந்த ஸ்டூல்தான் எனக்கு இடம். அவள் அவித்துப் போடுவாள், நான் உட்கார்ந்து பார்ப்பேன், அது சாப்பிடும். கோழியிலிருந்து குட்டி நாய்களுக்கான தீனிக்கு மெல்ல மாற்றினோம். பால் விடாத கறுப்புக் காப்பியைக் கேட்பதுபோல, "கோப்பி ஓ, வா" என்று அவள் கூப்பிட ஆரம்பித்தாள். அதுவும் வாலை ஆட்டிக்கொண்டு போகும். அந்தச் செல்லப் பெயர் எனக்கு ஏன் தோன்றவில்லை என்று அதற்கும் கொஞ்சம் எரிந்தது.

தைப்பூசத்தன்று தலையில் பால்குடம் வைத்து நடந்தபோது, மகளுக்கான வேண்டுதலை முடித்துவிட்டு, பால் ஒத்துக்கொள்ளாத ஒரு ஜீவனுக்காகவும் வேண்டிக்கொண்டேன். முருகன் சிரித்திருப்பான். அபிஷேகப் பாலோடு வீட்டுக்கு வந்ததும், பிரசாதம்தானே, கோப்பிக்கும் ஒரு சொட்டு கொடுப்போம் என்று என் கணவர் குனிந்தார். நானும் நாத்தனாரும் ஒரே நேரத்தில் அதட்டியதில் மனிதர் கிண்ணத்தையே கீழே போட்டுவிட்டார்.

கோப்பி இப்போது நன்றாக வளர்ந்துவிட்டது. காலையில் என் வீடு, மதியம் அவள் வீடு, தூக்கம் என் காலடியில். பின்கதவில் சங்கிலி இல்லை. போன தீபாவளிக்கு மகள் வந்தபோதும் பையை வைக்காமல் அத்தை வீட்டுக்குத்தான் போனாள். பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், எங்கே போகும், சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் இந்த முறை நான் அடுப்படியில் பாத்திரத்தை உருட்டவில்லை. அந்த வயிற்றெரிச்சலுக்கு நான் கண்டுபிடித்த மருந்து ஒன்றுதான்: நாத்தனாரின் பின்வாசல் ஸ்டூலில் போய் உட்கார்ந்து, என் பிள்ளை அவள் கையால் சாப்பிடுவதைக் கண் நிறையப் பார்ப்பது.