மாத்திரையும் புற்றுமண்ணும்

எனக்கு உடம்பு அரிக்கவில்லை. அந்த மாதங்களில் என் பெரிய கவலையே அதுதான்.

என் ரத்தத்தில் ஹெபடைடிஸ் சி கிருமி இருந்தது. கல்லீரலைச் சத்தமில்லாமல் அரித்துத் தின்கிற கிருமி. பல வருஷம் முன்னால் பைக்கிலிருந்து விழுந்து கால் முறிந்தபோது ஏற்றிய ரத்தத்தில் வந்திருக்கலாம் என்றார்கள். அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகத் தரும் மாத்திரையை ஒரு நாள் விடாமல் சாப்பிட்டு முடித்தும் அது போகவில்லை. அப்படிப் போகாதவர்களுக்கென்று ஒரு புது மாத்திரையைத் திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரியில் சோதித்துக்கொண்டிருந்தார்கள். சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு அசல், பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத டம்மி. யாருக்கு எது என்பது டாக்டருக்கும் தெரியாதாம். டம்மி சாப்பிட்டவர்களுக்கும் கடைசியில் அசலைத் தருவோம் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். ஆனால் கடைசிவரை பொறுத்திருக்கிற ஆள் நான் இல்லை. டீ ஆறுவதற்குள் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்கிறவன்.

எங்கள் பக்கத்திலிருந்து மூன்று பேர் போனோம். சங்கரன்கோவிலில் தறி போட்டிருந்த ஓர் அண்ணாச்சி, நான், பனவடலிசத்திரத்தில் தோசைமாவு அரைத்து விற்கும் ஓர் அக்கா. நானும் அண்ணாச்சியும் பஸ் ஸ்டாண்டில் ஏறி அக்காவுக்கு இடம் போட்டு வைப்போம். பனவடலியில் அவள் ஏறியதும் பேச்சு ஆரம்பிக்கும். யாருக்குத் தூக்கம் வரவில்லை, யாருக்கு வாய் கசக்கிறது, ஒன்றுக்குப் போனால் என்ன நிறம் என்பதெல்லாம் பேசுவோம். முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எங்களுக்கு வெட்கம் போய் வெகுநாளாகியிருந்தது.

அரிப்பு வந்தால் அசல் என்று கண்டுபிடித்தவர் அண்ணாச்சி. புது மாத்திரைக்குச் சிலருக்கு உடம்பு அரிக்கலாம் என்று நர்ஸ் சொன்னதை வைத்துக்கொண்டு அவரே போட்ட சட்டம் அது. அவருக்கு நன்றாக அரித்தது. பஸ்ஸில் முழங்கையைச் சொறிந்துகொண்டே என்னைப் பார்ப்பார் பாருங்கள், லாட்டரி விழுந்தவன்கூடத் தோற்றுப்போவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டில் சட்டையைக் கழற்றிக் கண்ணாடி முன் நின்று முதுகில் தடிப்பு ஏதாவது தெரிகிறதா என்று பார்ப்பேன். கொசு கடித்தால்கூட ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருக்கும்.

அக்காவை மட்டும் அண்ணாச்சியால் எந்தப் பக்கமும் சேர்க்க முடியவில்லை. அவளுக்கு நோய் வந்த நாளிலிருந்தே அரிப்பு உண்டாம், இப்போது ரொம்பக் குறைந்துவிட்டதாம். அது மாத்திரையாலா என்று கேட்டால் அம்மன் பார்த்துக்கொள்கிறாள் என்பாள். அதற்கு மேல் கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை.

அவள் எதற்காக இந்தப் பாடு படுகிறாள் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். மகன் வீட்டில் ஒரு பேத்தி பிறந்திருந்தது. அக்கா அதைத் தூக்கியதே இல்லை. தொட்டால் ஒட்டாது, தூக்கினால் வராது, ரத்தத்தில் ரத்தம் கலந்தால்தான் பரவும் என்று டாக்டரம்மா எத்தனையோ தடவை சொல்லியும் அவள் மனசு கேட்கவில்லை. மாவு அரைக்கிற கையில் ஒரு கீறல் இல்லாத நாள் கிடையாது என்பாள். தொட்டிலுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்ப்பாளாம். ரத்தம் சுத்தமாகட்டும், பிறகு இறக்கியே விடமாட்டேன் என்று எங்களிடம் சொல்லியிருந்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று மட்டும் மாத்திரையை வீட்டில் சாப்பிடக் கூடாது. அங்கே ரத்தம் எடுத்த பிறகுதான் சாப்பிட வேண்டும். அப்படி ஒரு நாள் வராண்டா பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அக்கா பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக் குலுக்கினாள். தண்ணீர் செம்மண் நிறத்தில் கலங்கியது. மாத்திரையை வாயில் போட்டு அந்தத் தண்ணீரைக் குடித்து விழுங்கினாள்.

அது என்ன என்று கேட்டேன். கோயில் புற்றுமண் என்று சாதாரணமாகச் சொன்னாள். எங்கள் ஊரில் அது அதிசயமில்லை. அரிப்புக்கும் சொறிக்கும் உடம்பில் பூசுவார்கள், ஒரு சிட்டிகை தண்ணீரில் போட்டுக் குடிப்பார்கள். நானும் சின்ன வயதில் குடித்தவன்தான். ஆனால் அவள் போட்டிருந்தது சிட்டிகை இல்லை. பாட்டிலின் அடியில் ஒரு விரல் கனத்துக்கு மண் படிந்திருந்தது. தினமும் மாத்திரையை இதில்தான் விழுங்குகிறாளாம்.

ஒவ்வொரு முறையும் டாக்டரம்மா கேட்பார்: இந்த மாத்திரை தவிர வேறு மருந்து, நாட்டு மருந்து, கீழாநெல்லி ஏதாவது? மூன்று பேரும் இல்லை என்போம். அக்காவும் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள்.

“இல்லைன்னு எப்படிக்கா சொன்னீங்க?”

“மருந்து எடுத்தியான்னுதான கேக்காவ? இது பிரசாதம்லா தம்பி.”

பொய் சொல்லும் முகமா அது? அவள் கணக்கில் அது உண்மையான பதில்.

வெளியே சொல்லவே கூடாது என்றார் அண்ணாச்சி. கையெழுத்துப் போட்ட தாளில் வேறு மருந்து எதையாவது சாப்பிட்டால் நீக்கிவிடுவார்கள் என்று இருந்ததை அவர் படித்திருந்தார். நீக்கினால் அவளுக்குப் போக்கிடம் ஏது, பழைய மாத்திரைதான் கேட்கவில்லையே என்றார். அதைக் கேட்டதும் அக்கா பாட்டிலைப் பைக்குள் தள்ளி ஜிப்பை மூடினாள்.

என்னால் உட்கார முடியவில்லை. வராண்டாவின் அந்தக் கடைசிக்கும் இந்தக் கடைசிக்கும் நடந்தேன். வயிற்றில் இத்தனை மண் இருந்தால் மாத்திரை எப்படிப் போய்ச் சேரும்? எனக்கு வைத்தியம் தெரியாது, ஆனால் மனசு அடித்துக்கொண்டே இருந்தது. திரும்பி வந்து, “நீங்க சொல்லலைன்னா நான் போய்ச் சொல்லுதேன்க்கா” என்றேன். குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. அண்ணாச்சி என்னை முறைத்தார். அக்கா பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். “நீயும் வா” என்றாள்.

டாக்டரம்மா திட்டவில்லை. பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எவ்வளவு நாளாக என்று கேட்டார். அரிப்பு ஆரம்பித்ததிலிருந்து என்றாள் அக்கா. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

“அப்போ அந்தப் பழைய மாத்திரை சாப்பிட்டப்பவும்?”

“அதையும் இதுலதான்மா முழுங்குனேன்.”

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். மண் மாத்திரையைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் பழைய மாத்திரையே உங்களுக்குப் போதுமாக இருந்திருக்கலாம் என்றார். இந்தச் சோதனையில் இனி வைத்திருக்க முடியாது, பழைய மாத்திரையை வெறும் தண்ணீரில் மறுபடி ஆரம்பிக்க எழுதித் தருகிறேன் என்றார். மண்ணைப் பற்றிச் சொன்னது அக்காவின் காதில் விழவே இல்லை. அழ ஆரம்பித்துவிட்டாள். கேட்காத மாத்திரையை மறுபடி தின்னச் சொல்லி அனுப்புகிறார்களே என்று அழுதாள்.

திரும்பும் பஸ்ஸில் அவள் எங்களோடு உட்காரவில்லை. பனவடலியில் இறங்கும்போது என் சீட்டருகே நின்று, “உன் வாய்தான் தம்பி” என்றாள். அவ்வளவுதான். அண்ணாச்சியும் ஊர் வரைக்கும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் செய்தது சரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதன் பிறகு நாங்கள் இரண்டு பேராகப் போனோம். பஸ் பனவடலியில் நிற்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்ப்பேன். இறங்கி ஓடி அவள் வீட்டில் விசாரிக்கலாமா என்று தோன்றும், அதற்குள் பஸ் கிளம்பிவிடும். அண்ணாச்சியின் அரிப்பும் இதற்கிடையில் நின்றுபோனது. அவர் முகம் தொங்கிப்போனதைப் பார்த்தும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

மழைக்காலம் முடிந்திருந்த ஒரு காலையில் பனவடலி நிறுத்தத்தில் என் ஜன்னலை யாரோ தட்டினார்கள். அக்கா. கையில் பையில்லை, ஏறுகிற அவசரமும் இல்லை. எங்களைப் பார்க்கத்தான் வந்து நின்றிருக்கிறாள். பழைய மாத்திரையை வெறும் தண்ணீரில் விழுங்கி முடித்து, சில மாதம் பொறுத்திருந்து எடுத்த ரத்தத்திலும் கிருமி இல்லையாம். அவள் முகம் என்ன சொல்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. பேத்தியைத் தூக்கினீர்களா என்று கேட்டேன்.

“தூக்குனேன் தம்பி. அவ இப்ப நடக்கா. என்னைய யாருன்னு தெரியலை, உதைச்சுக்கிட்டு அழுதா. மருமவ குடுங்கன்னு கையை நீட்டுனா.” சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “நான் குடுக்கலை. அழுது ஓயுற வரைக்கும் வச்சிருந்தேன்.”