ஓடுகிற மெஷினுக்குப் பொட்டு

விஜயதசமிக்கு மறுநாள் காலை, பட்டாபிராமில் ரயில் ஏறும்போதே அலுப்பு. விடுமுறை முழுக்கத் தூங்கியும் தீராதது. எலும்புக்கும் சதைக்கும் நடுவே ஈரத்துணி போல ஒட்டிக்கிடந்தது. அம்பத்தூரில் இறங்கி, எஸ்டேட் சாலையில் உடைந்து கிடந்த பூசணிக்காய்களின் குங்குமச் சிவப்பை மிதிக்காமல் நடந்தேன். ஷட்டருக்கு ஷட்டர் வாடிய வாழைக்கன்று. லேத் பட்டறை வாசலில் நசுங்கிய எலுமிச்சை.

எங்கள் ஆய்வகம் ஒரு பழைய ஷெட்டின் மாடி. அங்கே பாக்டீரியா வளர்க்கிறோம். வேறொரு நுண்ணுயிரின் மரபணுவை அதற்குள் வைத்திருக்கிறோம். அதனால் அது ஒரு நொதியைச் சுரக்கும். நொதி பாலியெஸ்டரைக் கரைக்கும். சுற்றிலும் ஏற்றுமதித் துணிக் கம்பெனிகள், அவற்றின் பின்வாசலில் மலைமலையாய் வெட்டுத்துணி. அதைத் தின்ன ஓர் உயிர் வேண்டும். உலகெங்கும் பலர் இதையே தேடிக்கொண்டிருக்கிறார்கள். நானும் ஒருத்தி. என் நாற்பதுகள் இதில்தான் கரைந்தன, பாலியெஸ்டரைவிட வேகமாக.

நாம் ஏற்றிவைத்த மரபணு அந்த உயிருக்குச் சுமை. வாய்ப்புக் கிடைத்தால் இறக்கிவிடும். இறக்கிய செல் லேசாகும், மளமளவென்று பெருகும், சுமப்பதை ஓரங்கட்டும். எத்தனை குடும்பத்தில் பார்த்தாயிற்று இதை. எத்தனை தலைமுறை பெருகினாலும் இறக்காத ஒரு வகையைப் பொறுக்கிப் பொறுக்கி எடுத்து, சின்னக் குழாய்களில் உறையவைத்திருந்தேன். மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசர். இன்னொரு ஃப்ரீசரிலும் கொஞ்சம் இருந்தது. அதன் கம்ப்ரசர் மழையில் போனதும் எல்லாம் இதற்குள் வந்துவிட்டன. இதுவும் பூட்டிய அறையில் இருந்ததுதான். கூரை ஒழுகியதால் இந்த வருடம் வெளியே இழுத்துப் போட்டிருந்தோம்.

மாடி ஏறியதும் முதலில் உறைத்தது அமைதி. ஃப்ரீசரின் ரீங்காரம் இல்லை. அதன் நெற்றியில் சந்தனம், குங்குமம், கைப்பிடியில் கதம்பம். காலடியில் குளம்போல் தண்ணீர். சுவிட்ச் அணைந்திருந்தது.

துடைப்பத்தோடு அக்கா வந்தார். மேனாம்பேட்டுக்காரர். எங்களிடம் வருமுன் ஒரு லேத் பட்டறையைப் பெருக்கியவர். ஆயுத பூஜையை எப்போதும் அவர்தான் செய்வார்.

“அக்கா, இதை யாரு ஆஃப் பண்ணது?”

“நான்தாம்மா. இன்னா இப்போ?”

“ஏங்க்கா?”

“இன்னா கேள்வி இது? ஓடிக்கினு கீற மெஷினுக்கு எவனாச்சும் பொட்டு வெப்பானா? கை பூடும்.”

பட்டறை வழக்கம் அது. பூஜையன்று மெயினையே அணைத்துவிட்டுத்தான் சந்தனக் கிண்ணத்தைத் தொடுவார்கள். அணைக்காமல் தொட்ட ஒருவரின் விரல்கள் தரையில் கிடந்ததை அக்கா கண்ணால் பார்த்தவர்.

“ஆஃப் பண்ணதும் கீச்சு கீச்சுனு கத்திச்சு. ஒரு பட்டனை அமுக்கினேன், கம்முனு ஆயிடுச்சு. வருசம் பூரா ஓடுது, ரெண்டு நாளு அதுவும் படுக்கட்டுமேன்னு உட்டேன்.”

“உள்ளே உயிர் இருக்குக்கா. சூடு பட்டா போயிடும்.”

“உசுரா? ஐஸ் பொட்டிக்குள்ளயா?”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். கோபத்துக்கும் தெம்பு வேண்டுமே. கதவைத் திறந்தேன். குழாய்கள் கைச்சூட்டுக்கு வந்திருந்தன.

ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு துளி எடுத்துத் தட்டுகளில் தீற்றினேன். பாலியெஸ்டர் வகைத் தூள் கலந்து பால்போல் மங்கலான தட்டுகள். சுமையை விடாத உயிர் முளைத்தால் அதைச் சுற்றி மங்கல் கரைந்து தெளிவாய் ஒரு வட்டம் விழும். வட்டம் இல்லையென்றால் மரபணு இல்லை. திரும்பத் தொடங்கவும் ஒன்றும் இல்லை. முதலாளிக்கு ஃபோன் செய்தேன். “பாருங்க மேடம். வரலேன்னா இந்த வேலையை இதோட மூடிடலாம், நீங்களும் எவ்ளோதான் பண்ணுவீங்க” என்றார், கனிவாக. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

தட்டுகள் இருந்த சூட்டுப்பெட்டியின் கண்ணாடிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அக்கா தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

“முட்டையை அவயத்துக்கு வெச்ச மாரி பாத்துக்கினே கீறியே. பாத்தா பொரிச்சிடுமா?”

மறுநாள் தட்டுகளை வெளிச்சத்தில் பிடித்தேன். வளர்ந்திருந்தன, ஏராளமாய், கொழுத்து, வெள்ளையாய். வட்டம் இல்லை. அடுத்த தட்டிலும் இல்லை. அதற்கடுத்ததும் அப்படியே. இரண்டு நாள் சூட்டில் பிழைக்கத் தவித்தபோது, இறக்காது என்று நான் நம்பியவையே இறக்கிவைத்துவிட்டுப் போயிருந்தன. அவற்றைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் எத்தனை காலை நேரத்தில் ரயிலைத் தவறவிட நினைத்திருக்கிறேன்.

ஒரு தட்டின் விளிம்பில் மட்டும் கடுகிலும் சிறிதாய் ஒரு புள்ளி. அதைச் சுற்றி, நிலா கோட்டை கட்டினாற்போல், தெளிவாய் ஒரு வட்டம்.

“இதான் உன்னுதா?” அக்கா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“இதுதான்.”

“இம்மாந்தூண்டா? பக்கத்துல கீறதெல்லாம் கொழுகொழுன்னு கீதே.”

“அதெல்லாம் சுமையை இறக்கிடுச்சு. இது இறக்கல.”

“லூசு. எறக்கிட்டுப் போவ வேண்டியதுதானே.”

சிரித்தேன். பல்குத்தும் குச்சியால் அந்தப் புள்ளியைத் தொட்டெடுத்துக் குடுவையில் இட்டு ஆட்டும் மேடையில் வைத்தேன். இனி எல்லாம் முதலிலிருந்து. தலைமுறை தலைமுறையாக அது சுமக்குமா என்று மறுபடி பார்க்க வேண்டும். பெருகினால் குழாய்களில் நிரப்பி மறுபடி உறையவைக்க வேண்டும். முதுகு அதற்குள்ளேயே வலித்தது.

ஃப்ரீசர் மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. அட்டைப்பெட்டி ஒட்டும் டேப்பைக் கொண்டுவந்து அக்கா சுவிட்சின் மேல் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினார். பழைய பொட்டு தண்ணீரில் கரைந்து ஒழுகியிருந்தது. அதைத் துடைத்தார். இடுப்பிலிருந்து குங்குமப் பொட்டலத்தை எடுத்து விரலில் தொட்டுக்கொண்டு, அதிர்கிற பெட்டியின் முன் வெகுநேரம் நின்றார். அணைக்கச் சொல்லவில்லை. சட்டென்று நெற்றியில் ஒற்றிவிட்டுக் கையை நெஞ்சோடு இழுத்துக்கொண்டார். பிறகு விரல்களை மெல்ல விரித்துப் பார்த்தார்.

“கீது,” என்றார். “எல்லாம் கீது.”