சேர்த்துக்கொள்ளத்தான் சொன்னேன்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல மாசமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். நான் பத்தாவதோடு நின்றவள். மளிகைச் சாமான் எழுதுவதற்கு மேல் எழுதிப் பழக்கமில்லை. அதோடு இது இன்னொரு வீட்டுப் பெண்ணின் விஷயம். தினமும் காலையில் விளக்கேற்றும்போது, இன்றைக்கு உட்கார்ந்துவிட வேண்டும் என்று நினைப்பேன். சாயங்காலம் ஆனதும் மனசு பின்வாங்கிவிடும். இப்போது கற்பகாம்பாளை நினைத்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டேன். இதில் யார் பேரும் வராது.

எங்கள் வீடு மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால். என் வீட்டுக்காரர் தி.நகரில் ஒரு புடவைக் கடையில் விற்பனையாளர். என் மகள் பள்ளிக்கூட நாளில் கூடைப்பந்து ஆடினாள். அவள் பயிற்சி முடியும்வரை நான் மைதானத்துச் சிமெண்ட் படியில் உட்கார்ந்து ஸ்லோகம் சொல்லிக்கொண்டிருப்பேன். அங்கே சொல்லிக்கொடுத்த மாஸ்டர் என்னைவிட வயதில் சின்னவர். என்னை அக்கா என்று கூப்பிடுவார். எனக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளைகள் கிடையாது. என் மகளுக்கு மஞ்சள் நீராட்டு செய்தபோது தாய்மாமன் சீர் வைக்க ஆளில்லாமல் நான் முழித்துக்கொண்டிருக்க, அவர் பட்டுப்பாவாடை, பழம், பூ என்று தட்டு வரிசையோடு வந்து நின்றார். அன்றிலிருந்து அவர் எனக்குத் தம்பி. பண்டிகைக்கு அவர் பங்கு பலகாரம் எடுத்துவைக்காமல் நாங்கள் சாப்பிட்டதில்லை.

விடுதியோடு சேர்ந்த ஒரு விளையாட்டுப் பள்ளிக்கு வருஷா வருஷம் பெண்பிள்ளைகளைப் பார்த்து அனுப்புவது மாஸ்டரின் பொறுப்பு. அங்கே இடம் கிடைத்தால் படிப்பு, சாப்பாடு, ஆட்டம் எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அதற்காக அவர் பள்ளிக்கூடப் போட்டிகளுக்கெல்லாம் போவார். கூடையில் யார் நிறையப் போட்டார்கள் என்று அவர் பார்க்கவே மாட்டார். பிள்ளையைச் சுவரோடு நிற்கவைத்து, கையை விரிக்கச் சொல்லி, சாக்பீஸால் கோடு போடுவார். விரித்த கை உயரத்தைவிட நீளமாக இருந்தால் அவர் முகம் மலரும். கழற்றிவைத்த செருப்பின் அளவைப் பார்ப்பார். பந்து பறிபோனதும் எந்தப் பிள்ளை திரும்பி ஓடுகிறது என்று பார்ப்பார்.

அதற்குப் பிறகு வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அப்பா, அம்மா, அக்காமார் என்ன உயரம் என்று தெரிய வேண்டும். பெண்பிள்ளை என்றால் இன்னொன்றும் தெரிய வேண்டும்: பெரியவளாகிவிட்டாளா இல்லையா. ஆகிவிட்டால் அதிகம் வளரமாட்டாள் என்பது இவர்கள் கணக்கு. தெருமுனையில் சடங்கு போஸ்டர் ஒட்டியிருந்தால் அவருக்கு வேலை மிச்சம். இல்லையென்றால் ஓர் ஆண்பிள்ளை போய் எந்தத் தாயிடம் இதைக் கேட்பது?

"அக்கா, நீங்க போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடுங்களேன்" என்பார். நான் கோயில் குங்குமமும் ஒரு முழம் பூவும் எடுத்துக்கொண்டு போவேன். எதற்குக் கேட்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். எந்த அம்மாவும் என்னிடம் முகம் சுளித்ததில்லை.

அப்படித்தான் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். நந்தனத்தில் நடந்த ஒரு போட்டியில் மாஸ்டர் அவளைப் பார்த்திருந்தார். நானும் கூட இருந்தேன். கால்சட்டையெல்லாம் புழுதி, இரண்டு முட்டியிலும் காயம், கை மட்டும் அவ்வளவு நீளம். தன் கையிலிருந்து பறிபோன பந்தை எதிர்ப்பக்கத்துக் கூடை வரைக்கும் துரத்திக்கொண்டு போய்த் தட்டிவிட்டாள். "பாத்தீங்களா அக்கா" என்றார் மாஸ்டர்.

திருவல்லிக்கேணியில், மேன்ஷன்களுக்கு நடுவில் ஒரு சந்தில் அவர்கள் குடியிருந்தார்கள். அவள் அம்மா பக்கத்து மெஸ் ஒன்றில் சமையல் வேலை பார்த்தாள்.

"வாக்கா, உள்ள வா. தலைய பாத்து வா, எங்க வூட்ல எல்லாரும் இடிச்சிக்கினு தான் வருவோம்" என்றாள்.

நான் பூவைக் கொடுத்து, விஷயத்தைச் சொன்னேன். அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

"உங்கிட்ட பொய் சொல்லமாட்டேன்க்கா. தை மாசமே ஆயிட்டா. யாருக்கும் சொல்லல."

"ஏம்மா?"

"பக்கத்து வூட்ல இவ அத்த கீது. முறையா மொதல்ல அதுக்குத்தான் சொல்லணும். சொன்னா இன்னா ஆவும்? நாளைலேர்ந்து ட்ரவுசர் போட்டுக்கினு ஓட வுடுமா? பெரிய பொண்ணுக்கு அதான் நடந்துச்சு. அதுவும் நல்லா ஆடிக்கினு இருந்தது தான். ஹாஸ்டல்ல இடம் கெடச்சு போய்ட்டா அப்பறம் யார் இன்னா பண்ண முடியும்? எங்கண்ணன் வெளிநாட்லேர்ந்து வரட்டும், லீவுல கூட்டியாந்து ஜம்முனு சடங்கு பண்றேன்."

பெரிய பெண் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். தலை பரணைத் தொட்டது.

"இவ பெரியவளானப்பறம் வளந்தாளா?"

"அத ஏன் கேக்குற. பாவாட வாங்கி வாங்கியே நான் ஓட்டாண்டி ஆனேன்" என்று சிரித்தாள். "மாஸ்டராண்ட மட்டும் சொல்லுக்கா. வேற ஒரு காதுக்குப் போவக் கூடாது."

கிளம்பும்போது அந்தப் பெண் தெருமுனை வரை வந்தாள். "ஆன்ட்டி, அந்த ஸ்கூல்ல மரத் தரையாமே? விழுந்தா முட்டி தேயாதாமே?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். "போய்ப் பாத்துட்டு சொல்றேன்" என்றாள், இடம் கிடைத்துவிட்ட மாதிரியே.

மறுநாள் மைதானத்து வாசலில் இருக்கும் பிள்ளையார் முன்னால் மாஸ்டரிடம் சொன்னேன். நான் சொன்னது இதுதான். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. "ஆயிட்டா தம்பி. ஆனா அவ அக்காவப் பாத்தேன், ஆனதுக்கு அப்பறமும் நல்லா வளந்திருக்கா. இத வெச்சு இவளத் தள்ளிடாத. சேத்துக்கோ. அவங்கம்மா உனக்கு மட்டும்னு சொன்னது, வெளிய போகக் கூடாது."

அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பிள்ளையார் முன்னாடி நிக்கிறோம் அக்கா. என் வாயிலேர்ந்து வராது. பொண்ணு போறா, கவலைப்படாதீங்க."

நான் அம்பாளுக்கு நெய்விளக்கு ஏற்றிவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

பிறகு ஒருநாள் மத்தியானம், நான் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தபோது அவள் அம்மா என் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை.

"கதவ சாத்திக்கினு உங்கிட்ட சொன்னேனேக்கா. எம்பொண்ணு உனக்கு இன்னா பாவம் பண்ணா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள்தான் சொன்னாள். முந்தின நாள் மைதானத்தில், விடுதிப் பள்ளியில் இடம் கிடைத்தவளின் பேரைப் படித்திருக்கிறார்கள். அவள் பெண்ணுக்குக் கிடைத்துவிடும் என்று நம்பி, அத்தையையும் பெருமையாகக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். படித்தது வேறொரு பெண்ணின் பேர். ஏன் என்று இவள் மாஸ்டரைக் கேட்டிருக்கிறாள். சுற்றிலும் மற்றப் பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் நின்றுகொண்டிருக்க, அவர் சொன்னாராம்: "என்னைக் கேக்காதீங்கம்மா. உங்க வீட்டுக்கு வந்தாங்களே ஒரு அக்கா, அவங்கதான் பாத்துட்டு வேணாம்னாங்க. பொண்ணு வயசுக்கு வந்துட்டா, இனிமே வளரமாட்டான்னு அவங்க சொன்னப்பறம் நான் என்ன பண்ணட்டும்?"

அத்தை அங்கேயே ஆரம்பித்துவிட்டாளாம். "எப்படி எப்படி? வயசுக்கு வந்துட்டாளா? அப்ப நான் யாரு இந்த வூட்டுக்கு? மொதத் தண்ணி ஊத்த வேண்டியவ நானு. ஊரு முழுக்கத் தெரிஞ்சப்பறம் எனக்குத் தெரியணுமா?" அந்தப் பெண் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அத்தை அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

"நான் வேணாம்னு சொல்லவே இல்லம்மா. சேத்துக்கோன்னு தான் சொன்னேன். அம்பாள் சத்தியமா."

"நீ சொன்னேன்னு அவரு சொல்றாரு. சொல்லலேன்னு நீ சொல்ற. விஷயம் உன் மூலமா தான போச்சு" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அன்று சாயங்காலமே மைதானத்துக்குப் போனேன். மாஸ்டர் வலையை மாட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"உக்காருங்க அக்கா. காபி சொல்லட்டா?"

"நான் வேணாம்னா தம்பி சொன்னேன்?"

"அய்யோ, அதுவா." சிரித்தார். "அந்த இன்னொரு பொண்ணு இன்னும் ஆகல, அப்பா வேற ஆறடி. எனக்கு இந்த வருஷம் ஒரே ஒரு இடம் தானே அக்கா. நான் வேணாம்னு சொன்னா நாளைக்கு நாலு பேரு சண்டைக்கு வருவாங்க. நான் தினம் இங்கதான் நிக்கணும். நீங்க வீட்டோட இருக்கறவங்க. கோயில் குளம்னு இருக்கறவங்க. உங்க மேல யாரும் கோச்சுக்க மாட்டாங்க. நாலு நாள்ல மறந்துடுவாங்க."

"அந்த அம்மா ரகசியமா சொன்னதுப்பா."

"வாய்ல வந்துடுச்சு அக்கா. விடுங்க."

அவர் முகத்தில் துளி வருத்தம் இல்லை. அதுதான் என்னால் இன்றுவரை தாங்க முடியாதது. கோபத்தில் சொல்லியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். என் பேரை அவர் ஒரு குடையைப் போல விரித்துப் பிடித்து, தான் நனையாமல் போய்விட்டார். நான் அக்கா என்பதால்தான் அது அவருக்குச் சுலபமாக இருந்தது.

அதற்கு மேல் நான் மைதானத்துக்குப் போகவில்லை. ஆனால் பேச்சு வந்துகொண்டே இருந்தது. நான் காசு வாங்கிக்கொண்டு அந்தப் பெண்ணைத் தள்ளினேன் என்றார்கள். என் கண் பட்டால் பிள்ளை வளராது என்றார்கள். பிரகாரத்தில் எதிரே வந்த ஒரு தாய், தன் பெண்ணை மெல்ல மறுபக்கத்துக்கு நகர்த்திக்கொண்டு போனாள். என் வீட்டுக்காரரோ, "பாவம், அவரும் பொழப்புக்குத்தானே சொன்னாரு" என்று பொங்கலுக்கு வந்த மாஸ்டரை உட்காரவைத்துக் காபி கொடுத்தார். நான் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை.

அந்தப் பெண் வளர்ந்திருப்பாளா, பெரிய ஆட்டக்காரி ஆகியிருப்பாளா என்று எனக்குத் தெரியாது. மாஸ்டர் கணக்கே சரியாகவும் இருந்திருக்கலாம். தெரிந்துகொள்ளத்தான் யாரும் விடவில்லை. அத்தை முன்னின்று சடங்கு செய்தாள். அதோடு ஆட்டம் நின்றது.

போன ஆடித் தள்ளுபடியின்போது தி.நகரில் ஒரு கடைக்குப் போனேன். சுடிதார் பிரிவில் துணி மடித்துக்கொண்டிருந்த பெண், "ஆன்ட்டி" என்றாள். அவள்தான். மேல் தட்டிலிருந்து நான் கேட்டதை எடுத்துக் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அன்னைக்கு நீங்க உண்மையில இன்னா தான் சொன்னீங்க?"

சொன்னேன். கேட்டுக்கொண்டே துணியை மடித்தாள்.

"அம்மா இன்னும் உங்கள வையுது ஆன்ட்டி."

"அன்னைக்கே சொன்னேன், நம்பலையேம்மா."

"நீங்க சொன்னா நம்பாது. நான் சொன்னாலும், ஒனக்கு இன்னா தெரியும்னு கேக்கும். நாலு பேரு சொன்னா நம்பும். எங்கனா எழுதுங்க. பேரு மட்டும் வேணாம்." அதற்குள் மேற்பார்வையாளர் திரும்பிப் பார்த்தார். அவள் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டாள்.

அதனால்தான் எழுதினேன். படிக்கிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை யாரிடமாவது சொன்னால் இதில் இருக்கிறபடியே சொல்லுங்கள். என்னை நல்லவளாக்க ஒரு வரி சேர்க்க வேண்டாம். மாஸ்டரை இன்னும் கெட்டவராக்கவும் வேண்டாம். ஒரு வார்த்தை மாறினால் என்ன ஆகும் என்று நான் பார்த்துவிட்டேன். திருவல்லிக்கேணிப் பக்கம் மெஸ்ஸில் சாப்பிடுகிறவர்கள் யாராவது இருந்தால், பரிமாறுகிற இடத்தில் கொஞ்சம் உரக்கவே பேசுங்கள். உள்ளே அடுப்படியில் நிற்கிற அந்தத் தாயின் காதில் விழட்டும்.