சுவரில் யார் இருக்கலாம்

ஃப்ரேம்காரருக்கு ஞானம் பிறந்தது தலை நரைத்த பிறகு. அதுவரை அந்தோணியாருக்கும் சூசையப்பருக்கும் கண்ணாடி வெட்டி, மூலை பிசகாமல் சட்டம் அடித்துத்தான் பிழைப்பு ஓடியது. புதுச் சபையில் சேர்ந்தாரோ இல்லையோ, புனிதர் படத்தோடு கடை ஏறுகிறவர்களுக்கெல்லாம் ஓசிப் பிரசங்கம்தான். "விக்கிரகத்துக்குச் சட்டம் போடுற கை இல்லை இது!" வந்தவர்கள் தலைதெறிக்க அடுத்த தெருக் கடைக்கு ஓடினார்கள்.

வீட்டிலும் அதே கூத்து. கூடத்துச் சுவர் மாடத்தில் மனைவியின் மாதா சுரூபம் இருந்தது, கையடக்கமான சிலை. அவளுடைய அம்மா உயிர் பிரிந்தபோது கையில் பிடித்திருந்தது. காலையில் அதன்முன் நின்று நாலு வார்த்தை பேசினால்தான் அவளுக்குப் பொழுதே விடியும்.

"வெறும் சுண்ணாம்புக் கட்டி. இதுகிட்டப் போய்ப் பேசுறியே, வெட்கமா இல்லை?"

"உங்ககிட்டயுந்தான் கல்யாணம் ஆன நாள்லேருந்து பேசுறேன், காதுல ஏறிச்சா? நான் இந்தக் கட்டியையா கும்பிடுறேன்? மாதாவுக்கு ஒரு மரியாதை, அவ்வளவுதான்."

"மரியாதையாம், மண்ணாங்கட்டியாம்!"

சனிக்கிழமை வீட்டு ஜெபத்துக்கு வருவதாகப் பாஸ்டர் சொல்லிவிட்டார். ஃப்ரேம்காரருக்குக் கை கால் ஓடவில்லை. "நான் அவரைக் கூட்டிட்டு வர்றதுக்குள்ள சுவத்துல ஒரு உருவமும் இருக்கக் கூடாது. இருந்துச்சு, நானே போட்டு உடைச்சிடுவேன்." அவள் ஸ்டூலை இழுத்துச் சுவரோரம் போட்டாள்.

பாஸ்டரோடு உள்ளே வந்தால், சுவரெல்லாம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஃப்ரேம்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். பாஸ்டர் நாலு பக்கமும் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று.

"என் படம் எங்க பிரதர்?"

அட கடவுளே! ஃப்ரேம்காரரே பார்த்துப் பார்த்துத் தங்க நிறச் சட்டம் அடித்த படம். தினமும் கடைக்குக் கிளம்புமுன் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் படம். சமையலறைக்குப் பறந்தார். மாதா பழைய சேலைக்குள் பத்திரமாக இருந்தாள். எண்ணெய் டின் பக்கத்தில் பாஸ்டர் குப்புறக் கிடந்தார்.

"அடிப்பாவி, இதை ஏன்டி கழட்டினே?"

"ஒரு உருவமும் கூடாதுன்னீங்களே. இதுல கண்ணு மூக்கெல்லாம் இருந்துச்சு."

"அது வேற, இது வேற! இதை யாருடி கும்பிடுறா? இது சும்மா ஒரு மரியாதை..."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் சேலையைப் பிரித்தாள்.

"அப்ப ரெண்டு மரியாதையும் சுவத்துக்கு வரட்டும். இல்லேன்னா ரெண்டையும் போட்டு உடைங்க. சுத்தியல் உங்ககிட்டத்தானே இருக்கு?"

கூடத்திலிருந்து பாஸ்டரின் குரல்: "கிடைச்சுதா பிரதர்?"

ரெண்டும் சுவருக்கு வந்தன. ஜெபம் முடியும்வரை பாஸ்டர் மாதா பக்கம் திரும்பக்கூட இல்லை. அவருக்கு இருந்தது ஒரே குறைதான். தன் படம் கொஞ்சம் சாய்ந்திருந்ததாம்.