ஹால் பெருசு, கிச்சன் சிறுசு

புது டேப்லெட் எதைக் கையில் கொடுத்தாலும் ஹனீஃபா முதலில் அதைக் காதருகே வைத்து லேசாக ஆட்டிப் பார்ப்பார். உள்ளே என்ன கேட்கிறது என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பிறகு கைலியின் கரையைத் தடவும் அதே கட்டைவிரலால் விளிம்பை ஒரு சுற்றுத் தடவுவார். திருப்பி முதுகில் தட்டுவார். கொண்டுவந்தவர் அதற்குள் பாதி பயந்திருப்பார். மீதியை ஹனீஃபாவின் வாய் பார்த்துக்கொள்ளும்.

பெரிய கடை வீதியை ஒட்டிய சந்தில் அவருக்குக் கைலிக் கடை. கைலி கேட்டு வருகிறவர்களைவிட, எந்த ஃபோன் வாங்கலாம் என்று கேட்டு வருகிறவர்கள் அதிகம். ஆலோசனை இலவசம். எதையும் வாங்கச் சொல்வதில்லை என்பதால் அவர் சொன்னது தப்பாகிப் போனதும் கிடையாது. "அவசரப்படாதீங்க, தீபாவளிக்கு அடுத்த மாடல் வருது" என்பார். தீபாவளிக்குப் போனால், பொங்கல் முடியட்டும் என்பார். நண்பர் கியாசுதீன் இப்படியே பண்டிகைகளைத் தாண்டி, பழைய ஃபோனோடு ஹஜ்ஜுக்குப் போய் வந்தார். அங்கிருந்து அவர் அனுப்பிய படங்கள் அத்தனையிலும் குறுக்கே ஒரு கீறல். லென்ஸ் கீறல் பற்றி ஹனீஃபா அவருக்கு உடனே ஒரு விளக்கம் அனுப்பிவைத்தார்.

அவர் மனைவி சுராயா பாலக்கரை வீட்டில் ஆரி வேலை செய்கிறார். கல்யாண ஜாக்கெட்டுகளில் ஜரிகையும் மணியும் கோத்துப் பூ வேலை. அதற்கு முதலில் டிசைனை டிரேசிங் பேப்பரில் வரைந்தாக வேண்டும். ஃபோன் திரை உள்ளங்கை அளவு. ஆகவே ஒவ்வொரு டிசைனுக்கும் சத்திரம் பேருந்து நிலையத்துப் பக்கம் போய்ப் பிரிண்ட் எடுப்பார். வாடிக்கையாளர் கொஞ்சம் பெரிசாக இருக்கட்டும் என்றால் மறுபடி பஸ்.

போன ரமலானில் சுராயா கேட்டது ரொம்பச் சின்ன விஷயம். விலை குறைவாக, திரை பெரிதாக ஒரு டேப்லெட். அதன்மேல் பேப்பரை வைத்து அப்படியே வரைந்துவிடலாம். ஹனீஃபாவின் காதில் விழுந்தது டேப்லெட் என்ற சொல் மட்டும்தான். பொறுப்பை முழு மனதோடு ஏற்றுக்கொண்டார். யூடியூபில் உள்ள ஆராய்ச்சியாளர்கள் எல்லோரையும் பார்த்தார். எந்த சிப், எத்தனை ஹெர்ட்ஸ், செல்ஃபி கேமரா எப்படி என்று சோறு ஆறும்வரை விளக்கினார். பேப்பரை மேலே வைத்தால் வெளிச்சம் தெரியுமா என்று சுராயா ஒருநாள் கேட்டார். எந்த ரிவியூவிலும் அதை யாரும் சோதிக்கவில்லை, ஆகையால் அது முக்கியமில்லை என்று பதில் வந்தது.

இதற்கிடையில் ஸ்ரீரங்கத்திலிருந்து பிரேமலதா என்கிற அம்மாள் மகளின் கல்யாண ஜாக்கெட்டைக் கொடுத்தார். இரண்டு கையிலும் ஆண்டாள் கிளி, ஒன்றை ஒன்று பார்த்தபடி. மறுபடி பஸ் ஏற அலுத்துப்போய்ச் சுராயா ஃபோனைப் பார்த்துக் கைப்போக்கில் வரைந்த மாதிரியில் ஒன்று கிளியாகவும் மற்றது மைனாவாகவும் இருந்தன. பிரேமலதா கோபித்துக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் சரியாக வரவில்லையென்றால் தில்லைநகரில் வேறு இடம் பார்த்திருப்பதாக மட்டும் இனிமையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வியாழன் மதியம் ஹனீஃபா சாப்பிட வந்தபோது மேஜைமேல் பெரிய டேப்லெட் ஒன்று கிடந்தது. யாரோ கருத்துக் கேட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். சோறு காத்திருந்தது. காதருகே ஆட்டினார், தடவினார், தட்டினார்.

"ஸ்கிரீன் இவ்ளோ பெருசு, ரேம் இத்துனூண்டு. ஹால் பெருசு, கிச்சன் சிறுசு. யாரு தலையில கட்டினாங்க இதை?"

"என் தலையிலதாங்க" என்றார் சுராயா, ரசத்தை ஊற்றிக்கொண்டே.

ஹனீஃபாவுக்குக் காது சூடேறியது. மாதக்கணக்கில் அவர் திரட்டிய ஞானத்துக்கு இந்த வீட்டில் இவ்வளவுதான் மரியாதை. தன்னைக் கேட்காமலா என்று இரைந்தார்.

"கேட்டுக்கிட்டேதாங்க இருந்தேன். போன ரமலான்லேர்ந்து."

ஹனீஃபா ரசச் சோற்றைப் பிசைவதில் மும்முரமானார். ஆனால் சுராயாவே அவருக்கு ஓர் ஆறுதலைக் கொடுத்தார். டேப்லெட் சரிப்படவில்லையாம். பேப்பரை வைத்துப் பென்சிலை அழுத்தினால் திரையில் உள்ள கிளி நகர்ந்து ஓடிவிடுகிறதாம். சாயங்காலம் திருப்பி அனுப்பப் போகிறாராம். அப்பவே சொன்னேனே என்று ஹனீஃபா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் சொன்னது ரேமைப் பற்றி. கிளியைப் பற்றி அல்ல. அந்த வித்தியாசத்தை அவர் பொருட்படுத்தவில்லை.

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தபோதுதான் தரையைப் பார்த்தார். கசக்கிப் போட்ட டிரேசிங் பேப்பர்கள். ஒன்றில் தலை இல்லாத கிளி. ஒன்றில் இரண்டு அலகு. சுராயா டேப்லெட்டை அட்டைப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார். அந்த முதுகைப் பார்த்ததும் வாயில் வந்த சிப்பின் பெயர் அப்படியே நின்றுவிட்டது.

கையைக் கழுவிவிட்டு வந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். பார்த்த ரிவியூக்களில் ஒன்று, குழந்தைகள் கார்ட்டூனைக் கைவைத்துக் கெடுக்காமல் இருக்கத் திரையைத் தொடுவதற்குப் பூட்டுப் போடும் ஒரு ஆப் பற்றியது. பெரிய மனிதர்களுக்கு இது எதற்கு என்று அதைப் பாதியில் தள்ளிவிட்டிருந்தார். இப்போது அதைத் தேடி இறக்கினார். கிளியை வரவழைத்துப் பூட்டினார். விரலால் குத்திப் பார்த்தார். கிளி அசையவில்லை. இன்னொரு முறை, கொஞ்சம் பலமாகவே குத்தினார்.

"இப்ப வரைஞ்சு பாரு" என்றார். குரலில் பழைய மிடுக்கு இல்லை.

முதல் கிளியை வரைந்து படமெடுத்து ஸ்ரீரங்கத்துக்கு அனுப்பினார்கள். பிரேமலதாவின் குரல் பதில் சீக்கிரமே வந்தது. "திவ்யமா இருக்கு. மத்ததும் இதே போல அமைஞ்சுடட்டும்."

பூட்டைத் திறந்து, கிளி எதிர்ப்பக்கம் பார்க்கும்படி படத்தைத் திருப்பி, மறுபடி பூட்டிவிட்டுச் சுராயா இரண்டாவதைத் தொடங்கினார். மின்விசிறிக் காற்றில் காகிதம் படபடத்தது. விசிறியை நிறுத்த எழுந்த ஹனீஃபா, பென்சில் முனை கிளியின் கண்ணை நெருங்குவதைக் கண்டு, அப்படியே குனிந்து காகிதத்தின் இரு மூலைகளிலும் விரல்களை ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.