பிரஸ்காரர் இறுக்கிய வில்

மாடிப் போர்ஷனுக்கு நான் பெட்டியோடு வந்து இறங்கிய அன்று, "கீழ சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க தம்பி, பிரஸ்காரர் இருக்கார்" என்றார் வீட்டுக்காரர். கீழே ஒரு பத்திரிகைக்காரர் இருப்பது படித்த பையனுக்கு நல்லதுதானே என்று தோன்றியது. மறுநாள் காலையில் குழாயைத் திறக்க முடியாமல் கீழே இறங்கிப் போனபோதுதான் விஷயம் வெளிச்சமானது. பத்திரிகைக்கும் அவருக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. பிளைவுட் தொழிற்சாலையில் பலகை அழுத்துகிற பிரஸ்ஸில் வேலை. காலி வீட்டில் தண்ணீர் சொட்டி வீணாகிறதே என்று அந்தக் குழாயை மூடி வைத்ததும் அவர்தான். மேலே வந்து இரண்டே விரலால் திறந்துவிட்டு, "இறுக்கம்னா இப்படி இருக்கணும் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அது அவருடைய பிறவிக்குணம். அவர் மூடிய டப்பாவைத் திறக்க அந்த வீட்டில் ஆள் கிடையாது. மனைவி இருந்த காலத்தில் சர்க்கரை டப்பாவைத் தூக்கிக்கொண்டு அக்கம்பக்கத்தில் படியேறி இறங்குவாளாம். இப்போது அவள் மகளைக் கூட்டிக்கொண்டு தன் தம்பி வீட்டோடு போய்விட்டாள். அடிதடி, குடி என்று எதுவும் இல்லை. "மூச்சு விட இடமில்லைன்னா. இவ்வளவு பெரிய வீட்ல!" என்று இரண்டு அறையையும் கையால் சுற்றிக் காட்டுவார் பிரஸ்காரர். அவருக்கு அது நிஜமாகவே புரியவில்லை.

மிச்சம் இருந்தது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். ஆம்புலன்ஸ் ஓட்டும் மச்சினன், மகளைக் காலையில் பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டுச் சாயங்காலம் கூட்டிப் போவான். அந்த ஒரு நாளுக்கும் ஆபத்து வந்தது. மனைவிக்குத் தூரத்து ஊரில் வேலை கிடைத்துவிட்டது. பள்ளி ஆண்டு முடிந்ததும் அம்மாவும் மகளும் கிளம்பவேண்டும். தப்பிக்க ஒரே ஒரு வழி இருந்தது. மகள் பள்ளியில் வில் பழகிக்கொண்டிருந்தாள். அணியில் எடுத்துக்கொண்டால் விடுதியில் இடம் உண்டு, இங்கேயே இருந்து படிக்கலாம். அம்மாகூடச் சரி என்று சொல்லியாயிற்று. ஆனால் மரவில் பிரிவின் தேர்வுக்கு வருகிறவர்கள் சொந்த வில்லோடு வரவேண்டும் என்பது கோச்சின் கண்டிப்பு.

"கடையில சொல்லி வச்சிரலாம் மச்சான். கைக்கு வர்றதுக்கு மாசக்கணக்கு ஆகும். இப்பவே சொன்னாத்தான் உண்டு" என்றான் மச்சினன்.

"கடை வில்லா? பலகை ஒட்டியே என் பாதி ஆயுசு போயிருக்கு மாப்ள. நாலு பட்டைய ஒட்டி வளைச்சா வில்லு. இதுக்குப் போயி கடைக்காரனா?"

"நீங்க ஒட்டினது மேசை மச்சான். இது வளையணும்."

"உன் வண்டி சைரன் மாதிரியே கத்திக்கிட்டு இரு. எவனாவது வழி விடுவான்."

மகள் களுக்கென்று சிரித்துவிட்டாள். "அப்பாவே செய்யட்டும் மாமா" என்றாள். அந்த ஒரு வார்த்தை பிரஸ்காரருக்குப் போதுமானதாக இருந்தது.

முன்னறைக் கட்டிலைத் தூக்கி வெளியே போட்டார். தடித்த பலகையில் வில்லின் வளைவை வெட்டி அச்சுக்கட்டை செய்தார். வில்லின் முதுகுக்கு மூங்கில் பட்டை. உள்ளே மூன்று மரப்பட்டைகள், நுனிக்குப் போகப்போக மெலிந்து போகும்படி இழைத்தவை. இழைப்பில் யாரும் குறை சொல்ல முடியாது. இரண்டு பட்டைகளைச் சேர்த்து ஜன்னலுக்கு நேராகப் பிடிப்பார். நடுவே இழை அளவு வெளிச்சம் கசிந்தாலும் மறுபடி உப்புத்தாளைக் கையில் எடுப்பார்.

செய்முறைக்கு போனில் ஒரு வீடியோ. அதில் பேசுகிறவனின் மொழி புரியாததால் சத்தத்தை அடைத்துவிட்டார். கையைப் பார்த்தால் போதாதா என்பது அவர் கட்சி. பட்டைகளைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப்பை அந்தக் கை திருகிய அழகைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "பட்டினி கிடந்தவன் மாதிரி திருகறான் பாரு!"

ஒட்டிய ஞாயிறு, மகள்தான் பசை பூசினாள். இரண்டு டப்பாவிலிருந்து ஊற்றிக் கலக்குகிற பசை; தேன் மாதிரி இருந்தது. பிரஸ்காரர் பட்டைகளை அடுக்கி, அச்சில் வைத்து, கிளாம்ப்புகளை வரிசையாக மாட்டினார். கையால் திருகியது மனசுக்குப் போதவில்லை. கிளாம்ப்பின் கைப்பிடியில் இரும்புக் குழாயைச் சொருகி, சுவரில் காலை உதைத்து இழுத்தார். பசை நாலாபக்கமும் பிதுங்கித் தரையில் சொட்டியது.

"அப்பா, எல்லாம் வெளியே வந்துருச்சே."

"கக்கட்டும். கக்கினாத்தான் உள்ள காத்து இல்லைன்னு அர்த்தம். பிரஸ்ல டன் கணக்குல அழுத்தறோம், தெரியுமா?"

அவள் தன் செருப்பில் சொட்டிய பசையை வழித்துப் போட்டாள்.

பசை காய்ந்ததும் வளைக்கும் வேலை. சுவரில் அடித்த கட்டையில் வில்லை மாட்டி, நாணில் கயிறு கட்டி மெல்ல இழுத்துப் பார்ப்பது; எங்கே விறைத்துக்கொண்டு நிற்கிறதோ அங்கே அரத்தால் கொஞ்சம் சுரண்டுவது; மறுபடி இழுப்பது. மகள் கயிற்றை இழுப்பாள். அவர் எட்ட நின்று ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார்.

"கீழ்ப்பக்கம் முறைச்சுக்கிட்டே நிக்குது பாப்பா."

"உங்களை மாதிரியே."

"மேல்பக்கம் சொன்ன பேச்சு கேக்குது."

"அது என்னை மாதிரி."

"யாரு, நீயா!"

சிரிப்புச் சத்தம் மாடி வரைக்கும் கேட்டது. அந்த வீட்டிலிருந்து அப்படி ஒரு சத்தம் அதற்கு முன் வந்ததில்லை.

பின்பக்கக் காலி மனையில் கந்தல் திணித்த சாக்கை நிறுத்தி, பாதி இழுப்பில் எய்து பார்த்தார்கள். முதல் அம்பு சாக்கின் ஓரத்தை உரசிக்கொண்டு போனது. இரண்டாவது நட்டநடுவில் போய்ச் செருகி நின்றது. "மச்சான், மேசை பறக்குது!" என்று மச்சினனே கத்தினான். கிளம்பும்போது மகள், "விடுதிக்கு ஒரு போர்வை வேணும்பா" என்றாள். மறுநாளே வாங்கி மடித்து அலமாரியில் வைத்துவிட்டார்.

தேர்வுக்கு முந்தைய நாளும் ஞாயிறுதான். கோச் முழு இழுப்பில் பார்ப்பார் என்பதால், "இன்னைக்குக் கன்னம் வரைக்கும் இழு" என்றார். அவள் கால்களை ஊன்றி, தோளைத் திறந்து, நாணைக் கன்னத்துக்குக் கொண்டுவந்தாள். பட்டென்று ஒரு சத்தம். மூங்கில் தனியாகவும் மரம் தனியாகவும் வாய் பிளந்து வில் அவள் கையிலிருந்து துள்ளி விழுந்தது. முன்கையில் நாண் அடித்த இடம் சிவந்து தடித்தது.

முதலில் கையைத் தடவிப் பார்த்து, எலும்புக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் வில்லை எடுத்தார். ஒட்டு விட்ட பலகை எத்தனையோ பார்த்தவர். பசை பிடித்திருந்தால் மரம் நார் நாராகக் கிழியவேண்டும். இங்கே ஒரு நார்கூட எழும்பவில்லை. இழைத்த அன்று இருந்த மாதிரியே வழவழவென்று இருந்தது. பசை உள்ளே இல்லை. முன்னறைத் தரையில் கட்டி கட்டியாகக் காய்ந்து கிடந்தது. இந்தப் பசைக்குப் பட்டைகள் நழுவாத அளவு பிடித்தாலே போதும், நடுவில் ஒரு படலம் தங்கவேண்டும். அது தங்குவதற்கு அவர் இடம் வைக்கவில்லை. வீடியோக்காரனின் கை ஞாபகம் வந்தது.

"திரும்ப ஒட்டிரலாம்" என்றார்.

"காலையில தேர்வு மச்சான்" என்றான் மச்சினன். அன்றைக்கே சொன்னேனே என்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம்.

ஆனாலும் ஒட்டினார். இந்த முறை இரண்டு விரலால் திருகினார். திருகி முடித்துக் கையை எடுத்ததும், கை தானாகப் போய் இன்னொரு சுற்றுக்கு நின்றது. மகள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "போதும்பா. பரவாயில்ல. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்." அடுத்த வருஷம் அவள் எந்த ஊரில் இருப்பாள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

மறுநாள் மைதானத்தில் கோச் வில்லை வாங்கி, பிளவின் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இதை இழுக்க விடமாட்டேங்க. பிள்ளைக்குக் கண்ணு போயிரும்." நியாயம்தான். அவர்மேல் கோபப்படவும் பிரஸ்காரருக்கு வழியில்லை.

பஸ் கிளம்புகிற அன்று போர்வையைக் கொண்டுபோனார். "அது வெயில் ஊருப்பா" என்று சொல்லிக்கொண்டே மகள் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். தண்ணீர் பாட்டிலை நிரப்பி மூடியவர், ஜன்னல் வழியாக நீட்டும் முன் மூடியை அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டுக் கொடுத்தார். "வழியெல்லாம் கொட்டிரப் போகுது" என்று மனைவி அதை வாங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கி மூடினாள்.

பிரஸ்காரர் இப்போதும் அதே கீழ்வீட்டில்தான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமையிலும் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டு பிரஸ்ஸுக்குப் போகிறார். இன்னொரு வில் செய்யவில்லை. மகள் போய்ச் சேர்ந்த பள்ளியில் வில் பழக்குவதில்லை. முதலில் வாரம் தவறாமல் போன் செய்தவள், இப்போது நினைவு வரும்போது செய்கிறாள்.